விடுப்பில்லாதவர்களின் பேறுகாலம்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பெண்களின் உதவித்தொகையும் கூலிக் கணக்கும்

தமிழ்நாடு அரசில் நிரந்தரப் பணியிலுள்ள ஒரு பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதங்கள். 2021 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. அந்த ஓராண்டும் ஊதியம் குறையாமல் வரும். தனியார் நிறுவனங்களில் சட்டப்படி 26 வாரங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்ணுக்கும், சின்னசேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பெண்ணுக்கும், கல்வராயன் மலையில் சாமை விதைத்து அறுத்துவிட்டு ஆண்டின் பாதியை வெளிமாநிலத் தோட்டங்களில் கழிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கும் எத்தனை நாள் விடுப்பு? சட்டத்தில் அதற்கு விடை இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பதே அவர்களைப் பொறுத்தவரை நடைமுறையில் உள்ள ஒரே விதி.

இந்தப் பெண்களுக்குப் பேறுகாலத்தில் என்னென்ன உரிமைகள் உள்ளன, அவற்றைப் பெறுவது எப்படி, எந்த இடத்தில் அவை கைநழுவுகின்றன, குடும்ப வருமானத்தின் மீது அதன் விளைவு என்ன என்பதைக் களத்தில் பணியாற்றும் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

மாவட்டமும் மலையும்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. சமவெளியில் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இயங்குகின்றன. இந்த வேளாண்மையின் உடலுழைப்பில் பெரும்பங்கு சேரிகளிலிருந்தே வருகிறது. மேற்கே வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டம். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அந்த ஆதிக்கம் சட்டப்படி முடிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆயினும் சாலை, மருத்துவம், நிலப்பட்டா ஆகிய மூன்றும் இன்னும் முழுமையாக மலையேறவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதைத் தொடர்ந்து அவ்வாண்டு ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் ஆகியோரின் அமர்வு சாலை, பேருந்து, மருத்துவம், குடும்ப அட்டை போன்ற அடிப்படைத் தேவைகள் பற்றி அரசிடம் கேள்விகளை எழுப்பியது. நாம் இங்குப் பேசும் பேறுகால உரிமையும் அந்த அடிப்படைகளைச் சார்ந்தே நிற்கிறது. சாலை இல்லாத குக்கிராமத்தில் அரசு மருத்துவமனைப் பிரசவம் என்பதை உதவித்தொகைக்கு நிபந்தனையாக வைத்தால், அந்த நிபந்தனையே விலக்கிவைக்கும் வேலியாகிவிடுகிறது.

சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டது?

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலனுக்கானது. ஆகவே அதன் சுமையில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். உடனடி நிலையில் வேலை வாங்கும் முதலாளியும் அதிலிருந்து தப்ப முடியாது என்பதையும் அவர் எடுத்துரைத்தார். பம்பாயில் 1929இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1934இல் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் 1961இல் நிறைவேறியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, இந்த உரிமையைத் தன் ஆறாம் அத்தியாயத்தில் ஏற்றுக்கொண்டுள்ளது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நிறுவனம் ஒன்று இருக்க வேண்டும். அதன் முதலாளி யாரென்று தெரிய வேண்டும். முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்ததற்குப் பதிவு இருக்க வேண்டும். மேஸ்திரியின் பின்னால் குடும்பம் குடும்பமாகக் கரும்புக் காட்டுக்குப் போகும் பெண்ணிடம் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர், மாதவிலக்கு நாட்களில் கூலி போய்விடும் என்று கருப்பையையே அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் வெளிவந்து, மாநில அரசு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. விடுப்பு இல்லாத உழைப்பு ஒரு பெண்ணின் உடலை எதுவரை துரத்தும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

நீதிமன்றங்கள் இந்தச் சுவரில் சில வாசல்களைத் திறந்திருக்கின்றன. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடர்ந்த வழக்கில், மஸ்டர் ரோலில் பெயருள்ள தற்காலிகப் பணியாளருக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று உச்சநீதிமன்றம் 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அந்த நலன் முடிந்துவிடாது என்று 2023இல் கவிதா யாதவ் வழக்கில் கூறியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தொடர்ந்த உமாதேவி வழக்கில், மகப்பேறு விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று 2025 மே 23 அன்று தீர்ப்பளித்தது.

இங்கு ஒரு கேள்வியை எழுப்ப வேண்டியுள்ளது. நூறு நாள் வேலைத்தளத்தில் பெண்கள் கையெழுத்திடுவதும் மஸ்டர் ரோலில்தான். அதற்குக் கூலி தருவதும் அரசுதான். முழு நூறு நாளும் வேலை செய்தவர் 80 நாள் என்ற வரம்பைக் கடந்தவரே. இருந்தும் பேறுகாலக் கூலி என்னும் உரிமை அவருக்கு வழங்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அறத்தை நூறு நாள் வேலைக்கும் நீட்டிக்கக் கோரும் வாதத்திற்கு வலுவான அடித்தளம் இருக்கிறது. சட்டம் பயிலும் மாணவர்கள் இதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

கையில் கிடைப்பது: முத்துலட்சுமி ரெட்டி திட்டம்

விடுப்பு இல்லாத பெண்களுக்கு இன்று கிடைக்கும் முதன்மை ஆதரவு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என உயர்ந்தது. ஒன்றிய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தின் தொகையும் இதனுள் அடங்கும். 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும், 14,000 ரூபாய் பணமாகவும் தரப்படுகின்றன. முன்பு ஐந்து தவணையாக இருந்த பணம் 2024 ஏப்ரல் முதல் மூன்று தவணையாக்கப்பட்டது:

– கர்ப்பத்தின் 4ஆம் மாதம்: 6,000 ரூபாய்
– குழந்தை பிறந்த 4ஆம் மாதம்: 6,000 ரூபாய்
– குழந்தைக்கு 9 மாதம் நிறைந்து தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பின்: 2,000 ரூபாய்

பெட்டகங்கள் கர்ப்பத்தின் 3ஆம், 6ஆம் மாதங்களில் வழங்கப்படுகின்றன. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பமாக இருக்க வேண்டும். அரசு மருத்துவ நிலையத்தில் பிரசவம் நடக்க வேண்டும். பொதுவாக முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டுமே என்பன நிபந்தனைகள்.

இது அரசின் கருணை அன்று என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, பிரிவு 4, கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் பேற்றுக்குப் பின் ஆறு மாதம் வரை அங்கன்வாடி வழியாக இலவச உணவையும், 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு நலனையும் உரிமையாக வகுத்துள்ளது. அரசுப் பணியிலோ அதற்கு இணையான சலுகை பெறும் பணியிலோ இருப்பவர்களுக்கு மட்டுமே அதில் விலக்கு.

இதனுடன் சேர்த்துப் பெற வேண்டியவை: 2011 முதல் நடைமுறையிலுள்ள தாய்சேய் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் (ஜே.எஸ்.எஸ்.கே.) அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை சிகிச்சை, மருந்து, இரத்தம், உணவு, வாகனம் அனைத்தும் இலவசம். கிராமப்புறத்தில் ஜனனி சுரக்ஷா திட்டத்தின் 700 ரூபாய் உண்டு. பட்டியலினத்தவர், பழங்குடியினர் இதற்கு உரியவர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்ற பெண்ணுக்கு, 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் பிரிவு 22 மகப்பேறு நலனை வாரியத்தின் கடமைகளுள் ஒன்றாக்கியது. வாரியப் பதிவு உயிர்ப்புடன் இருந்தால்தான் பணம் கிடைக்கும். ஆகவே கருவுறுவதற்கு முன்பே புதுப்பித்து வைத்திருக்க வேண்டும்.

கூலிக் கணக்கு

உதவித்தொகை போதுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2025–26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். மிகக் குறைந்த அளவுகோலாக அதையே எடுத்துக்கொள்வோம்.

– 26 வாரம், வாரத்திற்கு 6 நாள் வீதம் 156 நாள். கூலி இழப்பு 52,416 ரூபாய்.
– பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை கூறும் குறைந்த அளவு 14 வார விடுப்பு, வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இதன்படி 18,816 ரூபாய். இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்று ஒப்பமிடவில்லை.
– பணமாகக் கிடைப்பது 14,000 ரூபாய். அதாவது ஏறத்தாழ 42 நாள் கூலி.

நாட்டிலேயே கூடுதலாகத் தரும் மாநிலங்களுள் ஒன்றான தமிழ்நாட்டில்கூட, பேறுகால உதவி ஒன்றரை மாதக் கூலியைத் தாண்டவில்லை. பணம் வரும் காலம் அடுத்த சிக்கல். பிரசவ மாதத்திலும் அதற்கடுத்த மூன்று மாதங்களிலும்தான் கூலி முற்றாக நின்றுபோகும். மருத்துவமனைப் போக்குவரத்து, உடன் இருப்பவரின் கூலி இழப்பு, தாய்க்குப் பத்தியச் சாப்பாடு எனச் செலவு கூடும். அந்த நான்கு மாதத்தில் இத்திட்டத்தின் ஒரு தவணையும் இல்லை. 4ஆம் மாதம் வந்த 6,000 ரூபாய் அதற்குள் செலவாகியிருக்கும். இந்த இடைவெளியில்தான் மைக்ரோ பைனான்ஸ் குழுக்கடனும் கந்துவட்டியும் நுழைகின்றன; பச்சை உடம்புக்காரி நாற்பது நாளில் களையெடுக்கப் போகிறாள்.

யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள்?

*வயது.* 19 வயது நிறையாத தாய்க்கு உதவித்தொகை இல்லை. குழந்தைத் திருமணம் ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பள்ளி எட்டாத மலையில் இளவயதில் மணமுடிக்கப்பட்ட சிறுமியின் ஊட்டச்சத்துப் பணத்தை நிறுத்துவதால் அத்திருமணம் தடைபடுவதில்லை. 18 வயதுக்குக் கீழ் கருவுற்றால் போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். அந்த அச்சத்தில் பதிவையே தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு. விளைவாக, மிக ஆபத்தான பேறுகளே மருத்துவக் கண்ணுக்கு எட்டாமல் போகின்றன.

*பேறுகளின் எண்ணிக்கை.* மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த உணவு உரிமை வழக்கில், அப்போதிருந்த தேசிய மகப்பேறு நலத் திட்டத்தின் தொகையைத் தாயின் வயதையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் பாராமல் வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2007 நவம்பர் 20 அன்று ஆணையிட்டது. திட்டத்தின் பெயர் மாறியது, நிபந்தனைகள் திரும்பிவிட்டன.

*ஆவணம்.* ஆதார், அதனுடன் இணைந்த வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை இல்லாமல் பணம் வராது. ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருப்பதும், தந்தை வீட்டு முகவரி மாறாமல் இருப்பதும், எப்போதோ யாரோ திறந்துவைத்த வேறொரு கணக்குடன் ஆதார் இணைந்திருப்பதும் தவணை நிற்பதற்கு வழக்கமான காரணங்கள்.

*இடப்பெயர்வு.* செங்கல் சூளைக்கும் காபி, மிளகுத் தோட்டங்களுக்கும் போகும் குடும்பத்தில் பதிவு ஓரிடம், பரிசோதனை வேறிடம், பிரசவம் மூன்றாமிடம் என்றாகிறது. பிரசவத்திற்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அதற்கே ஒரு சுகாதார நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குப் பதிவை மாற்ற வேண்டியுள்ளது. மாநில எல்லையைத் தாண்டினால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

உதவித்தொகையும் குடும்ப வருமானமும்: செய்ய வேண்டியவை

1. நாள் தள்ளிப்போனது உறுதியானதும், 12 வாரத்திற்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் பெற வேண்டும். அந்த எண்ணை ஆதார் எண்ணைப் போல் பாதுகாக்க வேண்டும். உதவித்தொகை, பிறப்புச் சான்று, இடமாற்றம் எல்லாவற்றிற்கும் அதுவே திறவுகோல்.

2. கணக்கு தாயின் பெயரில் தனிக்கணக்காக இருக்கட்டும். கடன் தவணை தானாகப் பிடிக்கப்படும் கணக்கில் இந்தப் பணம் விழக்கூடாது. மலைக்கிராமங்களில் அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு உதவும். தபால்காரரிடமே கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம்.

3. நூறு நாள் வேலையில், கருவுற்றவர்களுக்கும் பாலூட்டுவோருக்கும் வீட்டருகில் எளிய வேலை தர வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை உள்ளது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் தளத்தில் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியுடன் அமர்த்த வேண்டும் என்பது சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. பணித்தளப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

4. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படுகிறது. 21 வயது நிறைந்த, ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்கே அது உரியது. மாமியார் பெயரில் அத்தொகை வரும் கூட்டுக் குடும்பத்தில் மருமகளுக்குத் தனியே வராது. தனிக் குடித்தனமாக இருப்பவர்கள் திருமணமானவுடன் பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்கித் தனி அட்டை கேட்க வேண்டும்.

5. மைக்ரோ பைனான்ஸ் கடன் இருந்தால், 2022ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி நெறிமுறையை நினைவில் கொள்க: குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது. பேறுகாலத்தில் வருமானம் குறைந்ததைக் காட்டி, தவணையைத் தள்ளிவைக்க எழுத்தில் கோரலாம். கட்டாய வசூலைத் தண்டிக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமும் இயற்றியுள்ளது.

6. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகள் முடிந்த பதிவு இரண்டாம் பெருந்தவணைக்குத் தேவை. அட்டையில் எழுதினால் மட்டும் போதாது. கணினியில் ஏறியதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பணம் வராவிட்டால்

முதலில் வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்துப்பூர்வ மனு, ஒப்புகை கட்டாயம். 104 சுகாதார உதவி எண்ணிலும், 1100 முதல்வர் உதவி மையத்திலும் புகாரைப் பதிந்து எண் பெறலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் எந்தத் தவணை, எந்தத் தேதியில், எந்தக் கணக்கிற்கு அனுப்பப்பட்டது எனக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 15 மாவட்டக் குறைதீர் அலுவலரையும், பிரிவு 16 மாநில உணவு ஆணையத்தையும் அமைக்கிறது. மகப்பேறு நலன் மறுப்பை அங்கும் கொண்டுசெல்லலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12இன்படி பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சாதியின் பெயரால் தடுக்கப்பட்டால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அது குற்றம்.

தனி மனுக்களைவிடத் தொகுத்த மனு வலிமையானது. ஒரு ஊராட்சியில் கடந்த இரண்டாண்டில் பேறு கண்ட பெண்களின் பிக்மி எண், வந்த தவணை, வராத தவணை, காரணம் என ஒரு பட்டியலைத் தாய்மார்களின் ஒப்புதலுடன் மாணவர்கள் தயாரித்தால், அதுவே கிராம சபைத் தீர்மானத்திற்கும் உயர்நீதிமன்ற மனுவிற்கும் சான்றாகும்.

நம் கோரிக்கைகள்

உதவித்தொகை குறைந்தது 26 வாரக் குறைந்தபட்சக் கூலியுடன் இணைக்கப்பட வேண்டும்; விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயர வேண்டும். ஒரு தவணை பிரசவ மாதத்திலேயே வர வேண்டும். வயது, பேறுகளின் எண்ணிக்கை ஆகிய நிபந்தனைகள் நீக்கப்பட வேண்டும். சாலையற்ற மலைக்கிராமத்தில் வழியிலோ வீட்டிலோ நேர்ந்த பிரசவத்தைக் காரணம் காட்டிப் பணத்தை மறுக்கக்கூடாது. நூறு நாள் வேலைச் சட்டத்திற்கு மாற்றாக 125 நாள் வேலை என்று கூறும் புதிய சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ள நிலையில், அந்த நாட்களுள் பேறுகால ஊதிய நாட்களும் சேர்க்கப்பட வேண்டும். கரும்பு ஆலைகள் தம் ஆலைக்காகக் கரும்பு வெட்டும் பெண்களின் பெயர்ப் பதிவேட்டைப் பராமரித்து, மகப்பேறு நலனில் பங்கேற்க வேண்டும்.

தாயின் ஓய்வு நாட்டின் நலன் என்றால் அதன் செலவு நாட்டினுடையது என்று 1928இல் அம்பேத்கர் வாதிட்டார். அந்தச் செலவை இன்றுவரை கள்ளக்குறிச்சியின் சேரிப் பெண்ணும் கல்வராயன் மலைப் பெண்ணும் தம் உடலிலிருந்தே செலுத்தி வருகிறார்கள். அரசின் கணக்கில் அது வரவு வைக்கப்படும் வரை, ஒவ்வொரு தவணையையும் கேட்டுப் பெறுவதும், அத்தவணை போதாது என்பதை ஆவணங்களுடன் நிறுவுவதும் நம் பணியாகும்.